குரல் இல்லாத மூன்றாவது பதிவு

என் இசையை முழுதாகக் கேட்கிறவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். பின்லாந்தில் ஏதோ ஒரு சிற்றூர்க்காரர். வீட்டிலேயே உட்கார்ந்து ஐம்பது அறுபது கேசட் பதிந்து, தன்னைப் போன்ற கிறுக்கர்களுக்குத் தபாலில் அனுப்புகிறவர். முகம் பார்த்ததில்லை. நான் அருப்புக்கோட்டையில் ஒரு புண்ணாக்குக் கடைக்காரரின் மகன் என்பது அவருக்குத் தெரியாது. தனி ஆளாக பிளாக் மெட்டல் செய்கிறேன், இணையத்தில் இரண்டு பதிவுகள் போட்டிருக்கிறேன் என்கிற அளவில்தான் என்னை அவருக்குத் தெரியும்.

இரண்டாவது பதிவைக் கேட்டுவிட்டு நாலே வரி எழுதினார். நன்றாக வாசிக்கிறாய். இதே மாதிரி நிறையப் பேர் எனக்கு அனுப்புகிறார்கள். இதில் நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. மூன்றாவதை எனக்கு முதலில் அனுப்பு; அதிலும் நீ இல்லையென்றால் அதற்குப் பிறகு அனுப்ப வேண்டாம்.

அதைப் படித்தபோது தராசில் பருத்திக்கொட்டை போட்டுக்கொண்டிருந்தேன். எடை கூடிப்போய், வாங்க வந்தவர் "போதும் தம்பி, மாடு ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

பிளாக் மெட்டல் தெரியாதவர்களுக்கு: கிட்டார் குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி விடாமல் ஓடும். டிரம்ஸ் துரத்தும். பாடுகிறவர் பாடமாட்டார், தொண்டை கிழியக் கத்துவார். பதிவு சுத்தமாக இருக்கக்கூடாது. தூரத்திலிருந்து, புயலுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்க வேண்டும். நார்வேயில் பனியும் காடும் உள்ள இடத்தில் பிறந்த இசை. நான் கல்லூரி விடுதியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது இது பிடித்துக்கொண்டது. கூட வாசிக்க ஆள் தேடினேன். டிரம்ஸ் தெரிந்த நண்பன் ஒருவன் மூன்று நாள் வந்தான். நாலாம் நாள், "ஏலே, இத யாருலே கேப்பா? நம்ம ரெண்டு பேரே கேக்கல" என்றான். இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். அன்றிலிருந்து டிரம்ஸ் கம்ப்யூட்டரில், மற்றதெல்லாம் என் கையில்.

முதல் பதிவைச் செய்தது கடைக்குப் பின்னால் இருக்கிற கிட்டங்கியில். புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கூரை முட்ட அடுக்கியிருக்கிற இருட்டு அறை. சாக்கு மூட்டை சத்தத்தைக் குடித்துவிடும்; ஒலிப்பதிவுக்காரர்கள் காசு கொடுத்துச் செய்துகொள்கிற வசதி இது. எனக்குச் சும்மா கிடைத்தது. இரண்டு மூட்டைக்கு நடுவில் தலையை விட்டுக் கத்துவேன். மூச்சு இழுக்கும்போதெல்லாம் கடலைப் புண்ணாக்கு வாசம் ஏறும். அந்தப் பாட்டுகள் எல்லாம் பனியைப் பற்றியவை, ஆங்கிலத்தில். பங்குனி வெயிலில், பனியனோடு, தலைக்கு மேல் ஃபேனை நிறுத்திவிட்டு, ஃபேன் சத்தம் விழக்கூடாதே, உறைந்த காடுகளைப் பற்றிக் கத்தினேன். கடைக்கு வந்தவர்கள் உள்ளே என்ன என்று கேட்டால் அப்பா, "பையன் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறான்" என்று சொல்லிவிடுவார். அவர் அதற்கு மேல் என்னிடமும் கேட்டதில்லை.

இரண்டாவது பதிவில் கருவிகள் மேம்பட்டன. ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. பாதியில் அப்பா நாற்பது மூட்டையை ஒரே நாளில் விற்றுவிட்டார். அதுவரை பொத்தி வைத்த மாதிரி கேட்ட கிட்டார், மறுநாள் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. முதல் மூன்று பாட்டு ஒரு அறையிலும் அடுத்த மூன்று வேறு அறையிலும் பதிந்த மாதிரி ஆகிவிட்டது. சரக்கு வந்தால் சத்தம் சுருங்கும், விற்றால் எதிரொலி கூடும். லோடு எப்போது வரும் என்று நான் ஆர்வமாகக் கேட்டதைப் பார்த்து, தொழிலில் பிடிப்பு வந்துவிட்டதாக அப்பா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் விசைத்தறி ஓடும். இதைக் கேள்விப்படுகிற எல்லோரும் தறிச் சத்தத்தை டிரம்ஸாகப் போடு என்பார்கள். போட்டுப் பார்த்தேன். தறிச் சத்தமாகத்தான் இருந்தது.

நீ எங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக நான் நினைத்தது ஒரு ஆடி மாதத்தில். குட்டியானையில் மூட்டை ஏற்றிக்கொண்டு திருச்சுழிப் பக்கம் லோடு இறக்கப் போயிருந்தேன். நல்ல மதியம். காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. சீமைக்கருவேலத்தைத் தவிர கண்ணுக்கு எதுவும் இல்லை. நாலு கிலோமீட்டராவது தள்ளி, எந்த ஊர் என்று தெரியவில்லை, ஏதோ கோயில் கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பாட்டு வந்தது. பாட்டு என்று சொல்லக்கூடாது. வார்த்தையெல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோய், அடிச்சத்தம் எல்லாம் மண்ணுக்குள் போய், கூரான விளிம்பு மட்டும் காற்றில் சாய்ந்து சாய்ந்து வந்தது. ஒரு கணம் பக்கத்தில், அடுத்த கணம் இல்லை. நான் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நார்வேக்காரர்கள் பனியில் தேடியது இதைத்தான். எங்களுக்குக் கல்யாணத்துக்குக் கல்யாணம் கட்டுகிறார்கள்.

என் கிட்டாரைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டு, பொட்டலில் விட்டு, தூரத்தில் நின்று பதிய வேண்டும். குரலையும் அப்படியே. வார்த்தை வேண்டாம், பனி வேண்டாம். இவ்வளவுதான் திட்டம். கிட்டார் பகுதிகளை எழுதி முடிக்க மாசி ஆகிவிட்டது.

திருச்சுழிப் பக்கத்தில் விசேஷங்களுக்கு ரேடியோ செட் கட்டுகிற அண்ணன் ஒருவர் எங்கள் கடை வாடிக்கையாளர். இரண்டு மாடும் நாலு குழாயும் அவர் சொத்து. என்ன விசேசம் என்றார். விசேஷம் இல்லை, ரெக்கார்டிங் என்றேன். "ரெக்கார்டு டான்ஸுன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும் தம்பி" என்றார். விளக்கினேன். முழுதாகப் புரிந்ததா தெரியாது, ஆனால் கடைக்காரர் மகன் என்பதால் ஒத்துக்கொண்டார். இடமும் அவரே சொன்னார். சின்னதாக ஒரு ஊர், முப்பது வீடு இருக்கும். ஊரை ஒட்டி அவருடைய மச்சானின் மோட்டார் ரூம், அதிலிருந்து கரண்ட். எதிரே தண்ணீர் இல்லாத கண்மாய். கண்மாயின் அந்தப் பக்கத்துக் கரை அரை கிலோமீட்டர். அங்கே என் ரெக்கார்டரை வைத்துவிட்டால், சத்தம் வெறும் கண்மாயைத் தாண்டி வந்து சேரும்.

காலை ஒன்பது மணிக்கு மோட்டார் ரூம் மேல் இரண்டு குழாயைக் கட்டினார். செட்டை ஆன் செய்ததும் பிள்ளையார் பாட்டு போடப் போனார். எந்தச் செட்டும் எந்த ஊரிலும் சாமி பாட்டு இல்லாமல் ஆரம்பிக்காது. எனக்கோ அவசரம். காற்று சரியான பக்கம் அடித்துக்கொண்டிருந்தது, ரெக்கார்டரை ஏற்கெனவே ஓடவிட்டு வந்திருந்தேன்.

"அதெல்லாம் வேணாண்ணே, நேரடியாப் போயிருவோம்" என்றேன்.

"சும்மா ஒரு பாட்டு தம்பி. செட்டு வச்சா அதான் வழக்கம்."

"நேரம் ஆகுதுண்ணே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் மைக்கைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வேப்ப மரத்தடியில் போய்த் துண்டை விரித்துவிட்டார்.

முதலில் கிட்டார். லேப்டாப்பிலிருந்து ஒரு மணி நேரம் ஓடியது. ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செட்டு டெஸ்டிங் என்று நினைத்தார்களாம். அண்ணன் மட்டும் ஒருமுறை எழுந்து வந்து, குழாய் கிழிந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு குரல். கிட்டாரை நிறுத்திவிட்டு, காதில் மட்டும் கேட்டுக்கொண்டு, மைக்கைப் பிடித்துக் கத்தினேன். வாழ்க்கையில் முதல்முறையாக மூட்டைக்குள் தலை விடாமல் கத்தினேன். ஐந்து நிமிடம், வார்த்தையே இல்லாமல், நீளமாக, மூச்சு விட்டு விட்டு. என் குரல் கண்மாயைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெட்கமே இல்லை.

முடித்ததும் கண்மாய்க்குள் இறங்கி ஓட்டமும் நடையுமாக அந்தக் கரைக்குப் போனேன். ரெக்கார்டர் பத்திரமாக இருந்தது. ஹெட்போனில் குரலின் ஆரம்பத்தை மட்டும் கேட்டேன். அடடா. காற்று இருந்தது, தூரம் இருந்தது, யாரோ ஒருவன் பொட்டலின் அந்தக் கோடியில் நின்று கத்துவது இருந்தது. அந்த ஒருவன் நான்தான். கரை மேட்டில் சிக்னல் இரண்டு கோடு வந்தது. கத்தல் முடிகிற இடத்தில் இரண்டு நிமிடத்தைப் போனுக்கு மாற்றி வெட்டி, அங்கேயே நின்று பின்லாந்துக்காரருக்கு அனுப்பினேன். வெட்டினதை முழுதாகத் திருப்பிக் கேட்கக்கூட இல்லை. அவ்வளவு அவசரம்.

திரும்பி வந்தபோது மோட்டார் ரூமுக்கு முன்னால் ஒருவர் டி.வி.எஸ். ஃபிப்டியை நிறுத்திவிட்டு நின்றார். பக்கத்து ஊர்க்காரர். தோளில் துண்டு, முகத்தில் ஒரு தயாரிப்பு. செட்டு அண்ணனிடம் மெதுவாக, "எந்த வீட்டுல கேதம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேதம் என்றால் சாவு. அண்ணன் யாருக்கும் ஒன்றும் இல்லை என்றார். "அப்ப எதுக்கு எடுத்த எடுப்புல அழுக வச்சீக?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாமி பாட்டு இல்லாமல் செட்டு ஆரம்பிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். சாவு வீட்டில் சாமி பாட்டு போடமாட்டார்கள். ஒப்பாரி கேசட்டை நேரடியாகப் போட்டுவிடுவார்கள். சுற்றியிருக்கிற நாலு ஊரும் இதைக் கேட்டே பழகியவை. குழாய் திறந்தவுடன் என்ன வருகிறது என்பதை வைத்து எந்த ஊரில் என்ன என்று சொல்லிவிடுவார்கள். கிட்டாரை டெஸ்டிங் என்று விட்டுவிட்டார்கள்; குழாயில் வந்த முதல் மனிதக் குரலே என் கத்தல்தான், யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி.

"நம்ம பெரியவருதான் போயிட்டாகன்னு நெனச்சேன்" என்றார் வந்தவர். நாங்கள் செட்டு கட்டியிருந்த ஊரில் ஒரு பெரியவர் இரண்டு மாதமாகப் படுக்கை. "அவுக மக பருத்திக் காட்டுல இருந்து ஓடிருச்சு. நான் வண்டிய நிறுத்துறதுக்குள்ள ஆளக் காணும்."

செட்டு அண்ணன் குழாயை அவிழ்க்க ஆரம்பித்தார். அவிழ்த்து முடித்து, "வா தம்பி, போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவோம். நாளப்பின்ன நான் இந்த ஊருக்குச் செட்டு கட்டணும்" என்றார்.

வீடு இரண்டாவது தெருவில் இருந்தது. வாசலில் நார்க்கட்டிலில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கையில் கஞ்சிச் சட்டி. மகள் படியில் உட்கார்ந்து, பாதத்தை மடியில் தூக்கி வைத்து ஊக்கால் கருவேல முள் எடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். தலையெல்லாம் பருத்திப் பஞ்சு ஒட்டியிருந்தது. செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். அழுது முடித்த முகம்.

அண்ணன் நடந்ததைச் சொன்னார். நான் மன்னிச்சிருங்கக்கா என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"சாமி பாட்டு வைக்கல. அழுக மட்டும் வருது, எங்க ஊரு பக்கம் இருந்து வருது. நான் என்னத்த நெனைக்கிறது சொல்லு. காலைல கஞ்சி ஊத்திக் குடுக்காமப் போனேன், மத்தியானம் வந்து குடுக்கலாம்னு. அதத்தான் நெனச்சுக்கிட்டே ஓடியாந்தேன்."

பெரியவருக்கு இதெல்லாம் ஒரு பக்கம் சிரிப்பாக இருந்தது. "நான் பாட்டுக்கு கட்டிலுக்கடியில கைய விட்டு சட்டியத் தேடி எடுத்துக் குடிச்சுக்கிட்டு இருக்கேன். இவ மாருல அடிச்சுக்கிட்டு வாரா. யாருக்கு என்னமோன்னு நான் பயந்து போயிட்டேன்" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "நமக்குப் போட்ட பாட்டாமுல்ல. எங்க போடு, கேப்போம்."

மகள் வேண்டாம் என்றார். பெரியவர் விடவில்லை. "செத்தபொறவு நான் கேக்கவா போறேன்?"

நான் ரெக்கார்டரை எடுத்து, ஹெட்போனை அவர் காதில் மாட்டி, கடைசிப் பகுதியில் வைத்து ஓடவிட்டேன். அப்போது ஒன்று தோன்றியது. என் சத்தத்தை ஒரு மனிதர் கேட்கும்போது அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கண்ணையே பார்த்தேன், கூச்சமில்லாமல். முதலில் சிரித்தார். புருவத்தைத் தூக்கினார். மகளைப் பார்த்துத் தலையை ஆட்டி, அழுகிறான் அழுகிறான் என்று கையால் காட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே போனது. முடிவதற்குச் சற்று முன்னால் சிரிப்பு நின்றது. கை காதுக்குப் போய் ஹெட்போனை அழுத்திப் பிடித்தது. பிறகு கழற்றி என் மடியில் வைத்தார்.

"போதும்ப்பா. எடுத்து வையி."

பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் முள்ளைத் தேடிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அந்த அக்கா வாசல் வரை நொண்டிக்கொண்டு வந்தார். கோபம் போயிருந்தது. "தம்பி, உசுரோட இருக்கிறவுகளுக்கு அழுத அழுக அது. தெரியாமத்தான் செஞ்ச. ஆனா எங்கயும் போட்டுறாத" என்றார். சரிக்கா என்றேன். சத்தியம் எல்லாம் கேட்கவில்லை. சரி என்றால் சரி என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை கடையின் ஷட்டரைத் தூக்கும்போது பின்லாந்திலிருந்து பதில் வந்திருந்தது. இந்தக் குரல்தான். இதை இதற்கு முன் நான் எங்கேயும் கேட்டதில்லை. முழுதாக அனுப்பு, கேசட் போடுகிறேன்.

ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுத் தெருவில் நின்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் புரிகிற ஆள் அந்தத் தெருவில் இல்லை, அருப்புக்கோட்டையில் இல்லை. சென்னை நண்பனுக்குப் போன் செய்தேன். கேசட் என்றதும் சிரித்தான், பிறகு உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அந்த அக்காவுக்குச் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். "ஏலே, பருத்தி எடுக்குற பொம்பளைக்கு பின்லாந்து கேசட்டு எப்படிலே தெரியப்போகுது? போடுலே" என்றான். அவன் சொன்னது சரி. தெரியவே தெரியாது. தெரிந்துவிடும் என்றிருந்தால் பயத்திலாவது கேசட்டைக் கைவிட்டிருப்பேன்.

ஒரு வாரம் இரண்டு விதமாகவும் கலந்து வைத்தேன். குரல் இல்லாமல் கேட்டால் கிட்டார்கள் வெறும் பொட்டலில் ஆளைத் தேடி அலைகிற மாதிரி இருந்தது. குரல் சேர்ந்தால் எல்லாம் சரியாக உட்கார்ந்தது. பதிவு நன்றாக இருக்கிறது, அதுதான் கஷ்டம். இதற்கிடையில் அவர் இன்னொரு செய்தி அனுப்பினார். கடைசியில் உன் குரல் நின்றதும் தூரத்தில் இன்னொரு குரல் பதில் சொல்கிறதே, அதை எப்படிச் செய்தாய்? மொத்தத்திலும் எனக்குப் பிடித்தது அந்த இடம்தான்.

நான் அப்படி எதையும் செய்யவில்லை. கிட்டங்கிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, சத்தத்தை முழுதாகக் கூட்டிக் கேட்டேன். என் கத்தல் முடிகிறது. காற்று. அதற்குப் பிறகு, என் பக்கமிருந்து இல்லை, ரெக்கார்டருக்குப் பின்பக்கமிருந்து, பருத்திக் காட்டுப் பக்கமிருந்து, ஒரு பெண் குரல். "அய்யா" என்று ஒரே ஒரு முறை. நீளமாக. அப்புறம் ஓடுகிற காலடி, கரைக்குக் கீழே, நெருங்கி வந்து கடந்து போகிறது.

அந்த அக்கா தன் அப்பாவைத் தேடி ஓடியது அந்தக் கரையோரமாகத்தான். என்னைவிட ரெக்கார்டருக்குப் பக்கத்தில் இருந்தது அவர்தான்.

நான் எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணவில்லை. பெரியவர் ஹெட்போனை அழுத்திப் பிடித்தது ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரு தடவையே போதுமாக இருந்திருக்கிறது. பின்லாந்துக்காரர் வேறெங்கும் கேட்காதது என்று சொன்னது எதை என்றும் புரிந்தது. அவர் நாலு வரியில் கேட்ட கேள்விக்கு நான் மார்தட்டி அனுப்பிய பதிலில், அவர் கேட்டுச் சிலிர்த்த இடத்தில், நான் இல்லை.

அன்றைக்கே குரல் பதிவை அழித்தேன். லேப்டாப்பில், ரெக்கார்டரில், போனில். அவருக்கு எழுத உட்கார்ந்தேன். பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து, கேதம், குழாய், கண்மாய், கஞ்சி என்று ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன். படித்துப் பார்த்தால் நான் சுவாரசியமாகக் கதை சொல்வது போலிருந்தது. அதையும் அழித்தேன். கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினேன்: அந்த இரண்டாவது குரல் ஒரு பெண்ணுடையது, அவருக்குத் தெரியாமல் பதிந்துவிட்டது, வெளியிட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து உங்களிடம் இருக்கிற இரண்டு நிமிடத்தையும் அழித்துவிடுங்கள். குரல் இல்லாத பதிவை இத்துடன் அனுப்புகிறேன்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. அழித்துவிட்டேன். கிட்டார் நன்றாக இருக்கிறது, ஆனால் இது எனக்கு முடிந்த பதிவாகத் தோன்றவில்லை. வாழ்த்துகள்.

நாலாவதை அனுப்பு என்றும் எழுதவில்லை, அனுப்பாதே என்றும் எழுதவில்லை. அழித்தாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழி இல்லை. அழித்திருப்பார். அப்படிப்பட்ட ஆள்தான் என்று நினைக்கிறேன். ஆனால் எப்போதாவது, அங்கே பனி பெய்கிற ஒரு மாலையில், அவர் அதை இன்னும் ஒரு தடவை ஓடவிட்டிருக்கலாம் என்றும் தோன்றும்.

மூன்றாவது பதிவு குரல் இல்லாமலே இணையத்தில் கிடக்கிறது. இரண்டு மாதமாகிறது. யாரும் ஒன்றும் எழுதவில்லை. பெரியவர் எழுந்து நடமாடுகிறார் என்று புண்ணாக்கு வாங்க வந்த செட்டு அண்ணன் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் தராசில் எதையும் போடவில்லை.

நான் மறுபடி கிட்டங்கியில் கத்த ஆரம்பித்திருக்கிறேன். சித்திரைக்கு லோடு வந்திருப்பதால் சத்தம் சுருங்கித்தான் கிடக்கிறது. ஒன்று மட்டும் மாறிவிட்டது. கத்தி முடித்ததும் முன்னைப் போல உடனே பதிவை நிறுத்த முடிவதில்லை. கையை எடுத்துவிட்டு, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓடவிடுகிறேன். ஹெட்போனில் சாக்குக்குள் எலி நகர்வது கேட்கிறது. கடையில் அப்பா யாரிடமோ விலை சொல்கிறார். வேறொன்றும் வருவதில்லை. அப்புறம் நிறுத்துகிறேன்.